600 பாகத்தில் 17 மாதம்: நான்கு உருளைகளும் ஒரு ரப்பர் வளையமும்

மார்ச் மாதக் கடைசியில் ஒரு காலை. ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊரில், எங்கள் பட்டறைக்குப் பின்னால் மணலில் நான்கு எவர்சில்வர் உருளைகளைப் படுக்க வைத்திருந்தோம். ஒவ்வொன்றும் மூன்று லிட்டர் கொள்ளும். 16 சென்டிமீட்டர் அகல மூடி, எட்டு போல்ட். ஒரு ஆய்வுக் குழுவுக்காக நாங்களே லேத்தில் கடைந்து கொடுத்தவை. உள்ளே கடல்நீரின் வெப்பத்தைப் பதிவு செய்யும் கருவி இருந்தது. மூக்கையூரிலிருந்து வாடகைப் படகில் தெற்கே கொண்டுபோய், மன்னார் வளைகுடாவில் ஒரே கயிற்றில் கட்டி இறக்கினோம். 600 பாகம், மீட்டரில் சுமார் 1,100. அங்கே 17 மாதம் கிடந்துவிட்டு, முந்தின நாள்தான் மேலே வந்திருந்தன.

திறப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் சங்கிலி போட்டுத் தூணோடு கட்டினோம். மூடிகளை ஆளில்லாத கடல் பக்கம் திருப்பி வைத்தோம். மூடிக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது என்று பட்டறைப் பையனிடம் இரண்டு தடவை சொன்னேன்.

"உள்ள காத்துதானண்ணே இருக்கு, என்ன செஞ்சிரும்?" என்றான்.

அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது. ஆழத்தில் உருளைக்குள் தண்ணீர் புகுந்தால், உள்ளிருந்த மூன்று லிட்டர் காற்று 27 மில்லிலிட்டராகச் சுருங்கிவிடும். மேலே இழுக்கும்போது அது விரியப் பார்க்கும். ஆனால் தண்ணீர் உள்ளே வர விட்ட வழி, வெளியே போகவும் விடும் என்று சொல்ல முடியாது. மூடியை அடைக்கும் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், சில நேரம் ஒருவழிக் கதவு போல நடந்துகொள்ளும். அப்படி அடைபட்டால், கரைக்கு வந்த பிறகும் உருளைக்குள் பெரிய அழுத்தம் மிச்சமிருக்கும். பேட்டரியில் உப்புத் தண்ணீர் பட்டிருந்தால் வாயுவும் சேர்ந்திருக்கும். போல்ட்டைக் கடகடவென்று கழற்றினால் மூடி பீரங்கிக் குண்டு மாதிரி வரும். அதனால் எட்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தினோம்.

முதல் எண் உருளை காய்ந்து கிடந்தது. ஈரம் காட்டும் சிலிக்கா ஜெல் இன்னும் நீலம். இரண்டாவதைத் தளர்த்தும்போதே "உஸ்" என்று சத்தம். மூடியின் ஓரத்தில் கறுப்புத் தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சியது. உருளை முழுக்கத் தண்ணீர், கருவி போச்சு. மூன்றாவதில் அடியில் இரண்டு ஸ்பூன் அளவுத் தண்ணீர், ஜெல் இளஞ்சிவப்பு. கருவி மட்டும் உயரமான தாங்கியில் இருந்ததால் பிழைத்திருந்தது. நான்காவது காய்ந்திருந்தது.

ஒரே கம்பியில் வெட்டிய இரும்பு, ஒரே பெட்டியில் வாங்கிய ஓ-ரிங், ஒரே ஆழம், ஒரே காலம். இரண்டு நல்லது, இரண்டு கெட்டது. ஏன் என்று தேடிய கதைதான் இது.

எல்லோரும் ரப்பரைத்தான் சொன்னார்கள்

ஆய்வுக் குழுவினரும் சரி, பக்கத்துப் பட்டறைக்காரரும் சரி, முதல் பேச்சிலேயே ரப்பர் செத்துவிட்டது என்றார்கள். நியாயமான சந்தேகம்தான். 1,100 மீட்டரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 113 கிலோ அழுத்தம். மூடி ஒன்றின் மேல் மட்டும் 22 டன்னுக்கு மேல். லோடு ஏற்றிய லாரி ஒன்று 17 மாதம் இறங்காமல் அதன்மேல் நிற்பது போல. அதன் அடியில் இருக்கும் மூன்றரை மில்லிமீட்டர் ரப்பர் நசுங்கிப் போயிருக்கும் என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் ஓ-ரிங் அந்தச் சுமையைத் தாங்குவதில்லை. இரும்போடு இரும்பு உட்கார்ந்து சுமையைத் தாங்கிக்கொள்கிறது. வளையம் தன் காடிக்குள், பட்டறைப் பேச்சில் குரூவ் என்போமே அதற்குள், தன் அளவுக்கு மட்டும் அமுங்கியிருக்கிறது. எங்கள் வளையத்தின் தடிமன் 3.53 மி.மீ., காடியின் ஆழம் 2.75 மி.மீ. ஆக, மூடியைப் பூட்டும்போதே 22 சதவீதம் அமுங்குகிறது. ஆழத்துக்குப் போனாலும் காடியின் ஆழம் குறைந்துவிடாது. அமுக்கம் கூடுவதும் இல்லை.

கூடுவது வேறொன்று. நான் ஆர்.எஸ். மங்கலம் கண்மாய்ப் பக்கம் வளர்ந்தவன். மடைப் பலகையைப் பார்த்தவர்களுக்கு ஓ-ரிங்கை விளக்கவே தேவையில்லை. கண்மாயில் நீர் ஏற ஏற, அந்த நீரே பலகையைக் கல் காடியோடு அழுத்தி இறுக்கும். நீர் குறைந்த கோடையில்தான் பலகையோரம் சொட்டுச் சொட்டாகக் கசியும். ஓ-ரிங்கும் அப்படித்தான். வெளித் தண்ணீர் வளையத்தைக் காடியின் உள்சுவரோடு தள்ளுகிறது. அழுத்தம் ஏறினால் பிடி இறுகுகிறது. நாம் பூட்டும்போது கொடுக்கும் அமுக்கம் தொடக்கத்துக்கு மட்டும்தான். மீதி வேலையைக் கடலே செய்கிறது. படகுக் கதவில் ஒட்டும் தட்டையான ரப்பர் தகடு இப்படி இல்லை. அதற்குப் போல்ட்டின் இறுக்கமே எல்லாம்; ரப்பர் தளரத் தளர முடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இருந்தாலும் வளையத்தை அளந்து பார்க்காமல் விடக் கூடாது. நீண்ட நாள் அமுங்கிக் கிடக்கும் ரப்பர் பழைய தடிமனுக்குத் திரும்பாது. எவ்வளவு திரும்பவில்லை என்பதுதான் அதன் வயது. கழற்றி அரை மணி நேரம் நிழலில் விட்டு, ஒவ்வொரு வளையத்தையும் ஆறு இடத்தில் வெர்னியரால் மெல்லத் தொட்டு அளந்தேன். இரண்டாம் எண்ணின் வளையம் பேட்டரிச் சாறு பட்டுக் கெட்டிருந்ததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மற்ற மூன்றும் 3.29 முதல் 3.31 மி.மீ. வரை இருந்தன. அமுக்கிய 0.78 மி.மீ.யில் 0.23 மட்டும் திரும்பவில்லை. அதாவது 30 சதவீதம். மீண்டும் அதே காடியில் போட்டால் இன்னும் 17 சதவீதம் அமுங்கும். சாகவில்லை, நடுவயது.

முக்கியமானது இதுதான்: தண்ணீர் புகுந்த மூன்றாம் எண்ணின் வளையமும், காய்ந்திருந்த ஒன்றாம் நான்காம் எண் வளையங்களும் ஒரே அளவில் இருந்தன. குற்றவாளி ரப்பர் என்றால் இது எப்படி?

ரப்பரின் இனம் மாறிப் போயிருக்குமோ என்றும் பார்த்தோம். கடையில் அட்டையில் தொங்கும் கறுப்பு வளையம் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், நைட்ரைலா, இ.பி.டி.எம். ரப்பரா என்று கண்ணால் சொல்ல முடியாது. நான்கிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி இரவு முழுக்க டீசலில் போட்டோம். இ.பி.டி.எம். என்றால் டீசலில் ஊதிப் பெருத்துவிடும். எதுவும் ஊதவில்லை. நான்கும் நைட்ரைல்தான்.

மூன்றாம் எண்ணில் இருந்த இரண்டு ஸ்பூன் தண்ணீரைப் பற்றி ஆய்வுக் குழுவில் ஒரு பெண் நல்ல கேள்வி கேட்டார். "அது கசிவா, வேர்வையா?" வெயிலில் சூடான காற்றோடு பூட்டி, 7 டிகிரி குளிருக்குள் இறக்கினால் உள்ளே பனி பூக்கும், உண்மை. ஆனால் 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் ஈரம்தான் தாங்கும். மூன்று லிட்டருக்கு 0.09 கிராம், இரண்டு சொட்டு. இரண்டு ஸ்பூன் வராது. வெள்ளி நைட்ரேட்டை ஒரு துளி விட்டதும் அந்தத் தண்ணீர் தயிர் மாதிரி வெளுத்தது. உப்பு. கடல் உள்ளே வந்திருக்கிறது.

காடியில் கிடைத்த தடயம்

கடிகாரம் ரிப்பேர் செய்பவரிடம் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கி, வளையம் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தேன். ஒன்றாம், நான்காம் எண்களின் மூடி முகம் பளபளவென்று இருந்தது. இரண்டாம் எண்ணில் வளையத்தின் வெளி ஓரம் தொட்ட வட்டத்தை ஒட்டி, பிறை வடிவில் பழுப்புக் கறை. துடைத்தால் கீழே ஊசி முனைக் குழிகள். அவற்றில் ஒன்று புழு ஊர்ந்த தடம் போல நெளிந்து, ரப்பர் அழுந்தியிருந்த பட்டையைக் குறுக்கே கடந்து உள்பக்கம் வந்திருந்தது. ஆழம் 0.4 மி.மீ. இருக்கும். மூன்றாம் எண்ணிலும் அதே தடம், ஆனால் நூல் கனத்தில், ஆழம் குறைவு.

மடைப் பலகை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கல்லில் சில்லுப் பெயர்ந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் போகும். ரப்பர் தன் வேலையைச் செய்திருக்கிறது. அது பிடித்துக்கொள்ள வேண்டிய இரும்பு அதற்கு அடியிலிருந்தே தின்னப்பட்டிருக்கிறது.

316 எல் என்ற எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நாம் நம்புகிறோம். காற்றுப் படும் இடத்தில் பெரும்பாலும் உண்மைதான். அதன் மேல் இருக்கும் குரோமியம் ஆக்சைடுப் படலம் ஆக்சிஜன் இருக்கும்வரை தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும். ஆனால் ரப்பருக்கும் இரும்புக்கும் இடையில் தலைமுடி நுழையாத இடுக்கு ஒன்று இருக்கிறது. அங்கே அகப்பட்ட கடல்நீரில் இருந்த ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். புதிதாக வர வழி இல்லை. வெளியே ஆக்சிஜன் நிறைய, உள்ளே இல்லை. இந்த ஏற்றத்தாழ்வே ஒரு மின்கலம் ஆகிவிடுகிறது. இடுக்குக்குள் கரையும் உலோகம் தண்ணீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கும். வெளியிலிருந்து குளோரைடு உள்ளே இழுக்கப்படும். அமிலமும் உப்பும் சேர்ந்தால் படலம் உடையும், குழி விழும். குழி விழுந்தால் அது இன்னும் ஆழமான இடுக்கு. இதற்கு இடுக்கு அரிப்பு என்று பெயர். நீர் புகாமல் இருக்க நாம் செய்யும் காடியே அரிப்புக்கு வீடாகிவிடுகிறது என்பதுதான் இதில் எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம்.

உலோகக் கலவைகளின் குழி எதிர்ப்பை ஒரு எண்ணாகச் சொல்வார்கள்: குரோமியத்தின் சதவீதம், மாலிப்டினத்தின் 3.3 மடங்கு, நைட்ரஜனின் 16 மடங்கு, மூன்றையும் கூட்ட வேண்டும். 316 எல்-க்கு அது 25-ஐ ஒட்டி வரும். கடல்நீரில் இடுக்கோடு கிடக்க வேண்டிய இரும்புக்கு 40-க்கு மேல் வேண்டும் என்பது கடல் எண்ணெய்த் தொழிலில் உள்ள நடைமுறை. இதைத் தெரிந்துகொண்டேதான் 316 எல்-ஐ எடுத்தோம். காசு. டைட்டானியத்தின் விலையை விசாரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டோம்.

ஏன் இரண்டில் மட்டும்?

பட்டறை நோட்டைப் புரட்டினேன். ஆழத்துக்கு இறக்குவதற்கு முந்தின ஜூன் மாதம், நான்கையும் வடகடலில், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், ஒரு பாலத்தின் காலில் கட்டி மூன்று வாரம் தொங்கவிட்டுச் சோதித்திருந்தோம். எங்கள் ஊர்க்காரர்கள் அதைப் பெண்கடல் என்பார்கள். அமைதியானது, ஆழமும் குறைவு. நாங்கள் கட்டிய இடத்தில் ஐந்து மீட்டர்தான். மூன்று வாரம் கழித்து எடுத்தோம். ஒன்றையும் நான்கையும் மட்டும் பேட்டரி மாற்றத் திறந்தோம். அவற்றில் ஜெல் நீலமாக இருந்தது, சந்தோஷம். திறந்ததால் கழுவினோம், காடியைத் துடைத்தோம், புது வளையம் போட்டோம். இரண்டும் மூன்றும் புதுப் பேட்டரியோடு இருந்தன. "அடைச்சது கெட்டியாத்தான் இருக்கு, அதைப் போய்த் தொட வேணாம்" என்று சொன்னது நான்தான். வெளியே மட்டும் குழாய்த் தண்ணீர் அடித்து ஓரமாக வைத்தோம்.

உடனே தென்கடலுக்குக் கொண்டுபோக வேண்டியது. ஆனால் கச்சான் காற்று எழுந்துவிட்டது. அந்தப் பருவத்தில் மன்னார் வளைகுடாவில் சிறு படகோடு போய்க் கயிறு இறக்க முடியாது. அக்டோபர் வரை, மூன்றரை மாதம், தகரக் கொட்டகையில் கிடந்தன.

அந்த மூன்றரை மாதம்தான் கேள்வி. மூடிக்கும் உடம்புக்கும் இடையில், வளையத்தின் வெளி ஓரத்தில், ஒரு மெல்லிய வட்டத்தில் கடல்நீர் அகப்பட்டிருந்தது. குழாய்த் தண்ணீர் அங்கே எட்டாது. வெயிலில் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். காயாது. சமையல் உப்பே காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைப் பார்த்தாலே தெரியும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கிறது. உப்பளத்தில் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் இருப்பது அதுதான். அதற்கு 33 சதவீத ஈரம் போதும். கடலோரத்துக் கொட்டகையில் ஈரம் அவ்வளவு இறங்குவது அபூர்வம். ஆக அந்த வட்டத்தில் மூன்றரை மாதமும் செறிந்த உப்புக் கரைசல், பகலில் 45 டிகிரிச் சூடு, பக்கத்திலேயே தாராளமாகக் காற்று. இடுக்கு அரிப்பு கேட்கும் எல்லாமே அங்கே இருந்தன.

படகை ஓட்டிய டிரைவர் அண்ணனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "தம்பி, தண்ணிக்குள்ளயே கெடக்குற ஆணி வருசக்கணக்கா நிக்கும். நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு காஞ்சு வருது பாரு, அந்த எடந்தான் பொசுக்குன்னு போயிரும்" என்றார். பாம்பன் பழைய ரயில் பாலத்தை 1914 முதல் நூறு ஆண்டுக்கு மேல் பராமரித்தவர்கள் போராடியதும் இந்த நனைந்து காயும் காற்றோடுதான். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் எவர்சில்வர் கம்பியும் சிறப்புப் பூச்சும் போட்டிருப்பதும் அதனால்தான். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் தன் அரிப்புச் சோதனை நிலையம் ஒன்றை எங்கள் மண்டபத்தில் வைத்ததற்கும் இந்தக் காற்றைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

சந்தேகம் மட்டும் போதாது என்று மிச்சமிருந்த கம்பித் துண்டுகளில் எட்டை எடுத்து, அதே வளையம் வைத்துப் பூட்டி, அதே பாலத்தடியில் மூன்று வாரம் தொங்கவிட்டோம். நான்கைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவித் திரும்பப் பூட்டினோம். நான்கை அப்படியே கொட்டகையில் வைத்தோம். மூன்றரை மாதம் கழித்துத் திறந்தால், கழுவாத நான்கில் மூன்றில் பழுப்புப் பிறை. கழுவிய நான்கும் சுத்தம். எட்டுத் துண்டை வைத்து விதி எழுதிவிட முடியாது. ஆனால் எங்கள் நான்கு உருளைகளுக்கு நடந்தது இதுதான் என்று நான் நம்ப இது போதும்.

இரண்டு ஸ்பூன் எப்படி வந்தது?

இரண்டாம் எண் கருவியின் நினைவகச் சில்லு பிழைத்திருந்தது. அது ஐந்தாம் மாதம் வரை ஒழுங்காகப் பதிந்திருக்கிறது. கரையில் தொடங்கிய குழி ஆழத்திலும் மெல்ல ஊர்ந்து, ஐந்தாம் மாதம் பட்டையைக் கடந்திருக்க வேண்டும். குளிரும், வட இந்தியப் பெருங்கடலில் சில நூறு மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் வற்றிய அடுக்கும் அரிப்பை மெதுவாக்கும், நிறுத்திவிடாது. 1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ஒன்று கலிஃபோர்னியாவுக்கு அப்பால் ஆழ்கடலில் நூற்றுக்கணக்கான உலோகக் கலவைகளின் துண்டுகளை ஆயிரம் நாள் வரை போட்டு எடுத்தபோது, இந்த வகை எவர்சில்வரில் இடுக்கு அரிப்பும், உள்ளுக்குள்ளேயே சுரங்கம் போல ஓடும் அரிப்பும் இருந்தன.

மூன்றாம் எண்தான் எனக்குப் பாடம் சொன்னது. 113 கிலோ அழுத்தத்தில் நூல் அளவு வழி திறந்திருந்தால்கூட உருளை ஒரே நாளில் நிரம்பியிருக்கும். இரண்டு ஸ்பூனோடு நின்றது ஏன்? அந்த உருளையையே, அதே வளையத்தோடு பூட்டி இரண்டு சோதனை செய்தோம். முதலில் பம்பு வைத்து உள்ளே கொஞ்சம் காற்றை உறிஞ்சினோம், வெளியைவிட 0.3 பார் மட்டும் குறைவு (ஒரு பார் என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம்). சில நிமிடத்தில் முள் திரும்பி வந்துவிட்டது. கசிகிறது. அப்புறம் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தின் அழுத்தத் தொட்டியில் போட்டு 60 பார் ஏற்றி ஒரு நாள் வைத்தோம். ஒரு சொட்டு வரவில்லை.

கோடையில் கசியும் மடை. ஆழத்தில் தண்ணீரே ரப்பரை அந்த ஆழமில்லாத தடத்துக்குள் பிதுக்கி அடைத்துவிட்டது. மேற்பரப்பில் தள்ள ஆளில்லாததால் தடம் திறந்தே இருந்தது. இறக்கிய நாளில் நங்கூரக் கல் சிக்கிக்கொண்டதால் உருளைகள் இரண்டு மணி நேரம் படகோரம் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. தண்ணீர் புகுந்தது அந்த இரண்டு மணி நேரத்தில்தான் என்பது என் முடிவு. 1,100 மீட்டரில் 17 மாதம் புகாத தண்ணீர், ஒரு முழ ஆழத்தில் புகுந்திருக்கிறது. ஆழக் கருவி செய்கிறவர்கள் பெரும் அழுத்தத்தில் சோதித்துவிட்டுத் திருப்தியாகிவிடக் கூடாது. சிறிய அழுத்தச் சோதனைதான் கடினமான சோதனை.

ஆழம் ரப்பருக்கு என்ன செய்கிறது

இதைத் தனியாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பயம் எல்லாம் அந்தப் பக்கமே இருக்கிறது. ரப்பரை முதுமையாக்குவது வெப்பம், வெயில், ஓசோன், ஆக்சிஜன். ஆழ்கடலில் வெயிலும் ஓசோனும் அறவே இல்லை. வெப்பமும் ஆக்சிஜனும் குறைவு. பத்து டிகிரி குறைந்தால் வேதிவினையின் வேகம் பாதியாகும் என்பது பழகிய தோராயக் கணக்கு. 30 டிகிரியிலிருந்து 7-க்குப் போனால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்குப்படி ஆழத்தில் கிடந்த 17 மாதம் ரப்பருக்கு மூன்றரை மாத வயது. கொட்டகையில் கிடந்த மூன்றரை மாதத்துக்குச் சமம்!

இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய சரக்குக் கப்பலிலிருந்து எடுத்த டயர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 1986-ல் வந்தது. 42 ஆண்டு கடலடியில் கிடந்த இயற்கை ரப்பர் உறிஞ்சிய தண்ணீர் அதிகபட்சம் 5 சதவீதம். பெரிய சேதம் இல்லை. குளிர் எப்படிப் பாதுகாக்கும் என்பதற்கு இன்னொன்று: 1968 அக்டோபரில் அமெரிக்காவின் ஆல்வின் நீர்மூழ்கி, இறக்கும்போது கம்பி அறுந்து சுமார் 1,500 மீட்டரில் மூழ்கியது. ஆட்கள் தப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு மேலே எடுத்தபோது உள்ளே விட்டுப்போன சாப்பாடு ஊறியிருந்ததே தவிர அழுகவில்லை.

குளிருக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. ரப்பர் விறைத்து, விட்ட இடத்தைப் பிடிக்கச் சோம்பல்படும். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட் இணைப்பில் இருந்த ஓ-ரிங் காலைக் குளிரில் விறைத்துத் தோற்றதில் ஏழு உயிர் போனது. ஆனால் அங்கே இணைப்பு நொடியில் விரிந்தது. கடலடியில் மூடி அசைவதில்லை. 7 டிகிரி நைட்ரைலுக்குப் பெரிய குளிரும் இல்லை.

சரி, எங்கள் பட்டறையிலேயே ரப்பரைக் கொல்கிற இடம் ஒன்று இருந்தது. புது வளையங்களைச் சுவரில் ஆணியில் தொங்கவிட்டிருந்தோம், ஜன்னலுக்குப் பக்கத்தில். ஆணி படும் இடத்தில் இழுபட்டு வளைந்திருக்கும் நைட்ரைலில் ஓசோன் மயிரிழை விரிசல் போடும். லென்ஸை வைத்துப் பார்த்தபோது ஏழெட்டு வளையத்தில் விரிசல் இருந்தது. அவற்றில் ஒன்று கடலுக்குப் போகாதது எங்கள் அதிர்ஷ்டம். இப்போது கறுப்புக் கவரில், தட்டையாக, மரப்பெட்டியில் வைக்கிறோம்.

மாற்றியவை

இரும்பை மாற்ற முடியவில்லை. அதனால் ஒவ்வொரு உருளையின் உடம்பிலும் ஒரு துத்தநாகக் கட்டியை உலோகத்தோடு உலோகம் படும்படி போல்ட் போட்டு வைக்கிறோம். இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரையும். 316 எல்-இன் மின்னழுத்தம் இறங்கி, இடுக்கில் குழி தொடங்குவது தடுக்கப்படும். மூடிக்கும் உடம்புக்கும் மின்தொடர்பு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது முக்கியம். மின்சாரம் கடத்தாத ஆனோடைஸ் வாஷரோ பெயின்ட்டோ நடுவில் வந்தால் மூடி தனியாக விடப்பட்டுவிடும். துத்தநாகம் தண்ணீருக்குள் மட்டும்தான் காக்கும். கொட்டகையில் காக்காது. அதனால் கடலில் ஒரு மணி நேரம் நனைந்தாலும் மூடியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, புது வளையம் போட்டுத்தான் பூட்டுகிறோம். வளையத்தின் விலை இரண்டு மூன்று டீயின் விலை.

துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் கிடையாது. அதன் ஒற்றை நூல் வளையத்துக்குக் குறுக்கே கிடந்தால், அது தண்ணீருக்குப் போட்ட பாலம். பழைய பருத்தி வேட்டித் துண்டு, அதன் பிறகு விரல் நுனியால் காடியைச் சுற்றி ஒரு தடவல். கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லும். வளையத்தை எடுக்க ஸ்க்ரூ டிரைவர் கூடாது. காடியில் குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் அரிப்பு செய்யும் வேலையை நாமே செய்த மாதிரி. தென்னை ஈர்க்கின் தடித்த முனை போதும். சிலிக்கோன் கிரீஸ் வளையம் மினுங்கும் அளவுக்கு மட்டும். கிரீஸ் வளையம் புரளாமல் உட்காரத்தான். தண்ணீரை அடைக்க அல்ல. காடியை நிரப்பினால் ரப்பர் அகல இடமிருக்காது. போல்ட்டை எதிரெதிராக மூன்று சுற்றில் முடுக்குகிறோம்.

பூட்டியதும் 0.3 பார் உறிஞ்சி ஒரு நாள் வைக்கிறோம். மாலையில் 32 டிகிரி, விடியலில் 26 என்றால், அந்த ஆறு டிகிரியில் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் 2 சதவீதம் தானாகவே இறங்கும். சின்னக் கசிவு இருந்தால் அதற்குள் மறைந்துவிடும். அதனால் மறுநாள் அதே நேரத்தில்தான் முள்ளைப் படிக்கிறோம்.

ரப்பரே இல்லாத வழியும் இருக்கிறது. எங்கள் கயிற்றைத் தூக்கி நிறுத்திய மிதவைகள் 17 அங்குலக் கண்ணாடிக் கோளங்கள். இரண்டு அரைக்கோளங்களின் விளிம்பைக் கண்ணாடியோடு கண்ணாடி படியும்படி தேய்த்து, உள்ளே காற்றைக் கொஞ்சம் உறிஞ்சி, வெளியே நாடா ஒட்டுவதோடு சரி. கேஸ்கெட் கிடையாது. 6,000 மீட்டர் வரை போகும். அரிக்கவும் ஒன்றும் இல்லை. கருவியையே அதற்குள் வைக்கலாமே என்று ஆய்வுக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். வெப்பமானியைக் கண்ணாடிக்கு வெளியே எப்படிக் கொண்டுவருவது என்று யோசிக்கிறார்கள். கண்ணாடியில் துளை போட்டால் அங்கே திரும்பவும் ஒரு ஓ-ரிங் வரும்.

இரண்டாம் மூன்றாம் உருளைகளின் மூடி முகத்தை லேத்தில் 0.6 மி.மீ. சீவிக் குழிகளை எடுத்தோம். மூன்றாம் எண்ணில் சுத்தமான இரும்பு வந்துவிட்டது. இரண்டாம் எண்ணில் ஒரு சுரங்கம் இன்னும் கீழே போயிருந்தது. அதை ஒதுக்கிவிட்டோம். மற்ற மூன்றும் துத்தநாகத்தோடு இந்த அக்டோபரில் திரும்ப இறங்குகின்றன. அதுவரை மூடி தனியாக, உடம்பு தனியாக, வளையம் கறுப்புக் கவரில்.